உள்ளங்கையில் நத்தை

"அந்த அன்பு எங்கே இருக்கு? கொண்டா, என் கையிலே வை பாப்போம்."

அப்பா இப்படிக் கேட்டபோது பூனைக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவளுக்கு எப்போதுமே வராது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்தினால், தெரிந்த பதிலும் தொண்டைக்குள் போய்க் குந்திக்கொள்ளும். நிறுத்தி நிறுத்தி ஆசிரியருக்குச் சலித்தது, நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்தது. ஒருநாள் பையைக் கொண்டுவந்து அலமாரியின் மேல் தூக்கிப் போட்டவள் பிறகு அதை இறக்கவே இல்லை. நடந்தால் சத்தம் கேட்காது, இருந்தால் இருப்பது தெரியாது. அதனால் சின்ன வயதிலேயே பூனை என்று பேர் விழுந்துவிட்டது. வீட்டுக்கும் தெருவுக்கும் சபைக்கும் அவள் பூனைதான்.

அப்பாவைச் சொல்லியும் குற்றமில்லை. இரண்டு வேளையாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எதையாவது சொல்லி ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டுமே என்று, ஞாயிற்றுப் பள்ளியில் படித்த ஒரு வரியை எடுத்து விட்டாள் பூனை. "ஆண்டவர் உங்க மேல அன்பா இருக்கார்ப்பா." அதற்குத்தான் அவர் படுத்தவாக்கிலேயே கையைப் பின்னால் நீட்டி, வை பாப்போம் என்றார். நீட்டிய கையில் அங்கங்கே இன்னும் நீலக்கறை இருந்தது.

அந்தக் கறையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

அவர்களுக்குச் சலவை வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் துணி வேகவைக்கும் கொப்பரை, வெளியே அலசுகிற தொட்டிகள், அதற்கப்பால் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டிய திறந்த வெளி. பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வரும். ஆஸ்பத்திரித் துணியை உதறிப் பார்க்காமல் கொப்பரையில் போடக் கூடாது. மடிப்புக்குள் மாத்திரை வரும், ஊசி மூடி வரும், சீப்பு வரும். ஒரு தடவை யாருடைய பல்செட்டோ வெந்து மேலே மிதந்துவந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

விரிப்புகளுக்குக் கடைசி அலசலில் நீலம் போடுவது அப்பாவின் வேலை. நீலம் கண்ணால் போடுகிற சரக்கு. கொஞ்சம் கரைத்த தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்து, லேசாக நிறம் தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். அந்தச் சின்ன நிறம்தான் துணியின் மஞ்சளை விழுங்கிவிட்டு வெள்ளையை வெள்ளையாக்கும். அன்று அப்பா அள்ளிப் பார்த்தார், நிறம் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினார், தெரியவில்லை. பாட்டில் காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அம்மா வந்து ஒரு விரிப்பைத் தூக்கினாள். "இதென்னங்க இது? வானத்தைப் புடுங்கி ஊறப்போட்டிருக்கீங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. முழங்கை வரைக்கும் நீலமாக நின்றுகொண்டு, "அவ்வளவு கூடிடுச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் அம்மாவுக்கு விஷயம் விளங்கியது. பார்வை மங்கிக்கொண்டே வந்ததை மனுஷன் ஒருவரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்திருக்கிறார். கண் டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே நரம்பு காய்ந்துவிட்டது, போனது திரும்பாது, மிச்சமும் போய்விடும் என்று சொன்னார். சொன்னபடியே, சில நாளிலேயே போனது.

அந்த விரிப்புகளைத் திரும்பத் திரும்ப வெளுத்தும் ஒரு மங்கல் நீலம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கண்ணைத் திறந்து பாக்கிற நோயாளி, சொர்க்கத்துக்கே வந்துட்டோம்னு நினைக்கப் போறான்" என்று வண்டியில் துணி ஏற்றுகிறவர் சிரித்தார். அப்பாவுக்குத்தான் அது தீராத மானக்கேடு ஆகிவிட்டது. கட்டிலில் விழுந்தவர் விழுந்தவர்தான். கொட்டகைப் பக்கம் வருவதில்லை, சபைக்குப் போவதில்லை. சாப்பாட்டு ஜெபம்கூட அம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது.

*

கையில் வை என்று கேட்டாரே, வைப்போம் என்று பூனை முடிவுகட்டினாள். வாயால் பதில் சொல்வதற்கு இது எவ்வளவோ மேல்.

முதலில் மதில்மேல் வெயிலில் கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்துவந்தாள். காலையிலிருந்து சூரியனைக் குடித்துக் குடித்து அது கோழிமுட்டைபோல் கதகதவென்று இருந்தது. மெதுவாக அப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"என்னது?"

"கல்லுப்பா."

"கல்லா?" அப்பா தடவிப் பார்த்தார். "ரொட்டி கேட்ட பிள்ளைக்கு எந்த அப்பன் கல்லைக் கொடுப்பான்னு வேதத்துல கேட்டிருக்கு. பிள்ளை அப்பனுக்குக் கொடுக்கலாம்னு எங்கேயும் போடலியே." சொல்லிவிட்டுக் கல்லை வீசி எறிந்தார். அது கதவில் பட்டு உருண்டது.

அடுத்த நாள் தொட்டியடியில் வளர்ந்த பாசியைப் பெயர்த்துக்கொண்டு போனாள். சில்லென்று, ஒரு குட்டி விலங்கின் முதுகுபோல மெத்தென்று இருந்தது. அதையும் எறிந்தார். அதற்கு அடுத்து ஒரு கைப்பிடிப் புல், பனியோடு. "மாடா நான்?" என்றார். ஒருநாள் புறா இறகு. அதை மட்டும் எறியவில்லை, விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுக் காது குடைந்தார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பரவாயில்லை, அன்பு காது குடையவாவது ஆச்சே" என்றாள். தனியாக வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு மகளைக் கடிந்தாள். "எதுக்குடி நோகடிக்கிற? தூக்கித் தூக்கி எறியுறாரு, நீயும் பொறுக்கிட்டுப் போறே."

பூனை விரிப்பை முறுக்கிக்கொண்டே தோளைக் குலுக்கினாள்.

"வாயைத் திறந்து சொல்லேன். என் வாயில பாதி வேணும்னாலும் எடுத்துக்க. எனக்கு மிச்சம் போதும்."

"எறியட்டும்மா" என்றாள் பூனை. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் மனசுக்குள் ஒரு வீம்பு ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் எறிந்து எறிந்து கை ஓயட்டும். வெளியே ஒன்றும் தீர்ந்துபோய்விடவில்லை. கல் காய்ந்துகொண்டுதான் இருந்தது, பனி விழுந்துகொண்டுதான் இருந்தது. யார் வேண்டாம் என்றாலும் மறுநாளும் வந்து நிற்கிற அந்தப் பிடிவாதம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆண்டவருக்கும் தன்னைப் போலப் பேச வராதோ, அதனால்தான் இப்படியெல்லாம் கையில் வைத்துப் பார்க்கிறாரோ என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், கொட்டகைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்த நத்தை ஒன்றைப் பிய்க்காமல் நோகாமல் எடுத்துப் போய் வைத்தாள். உள்ளே சுருண்டிருந்ததால் முதலில் அது ஒரு கொட்டாங்கச்சித் துண்டுபோல இருந்தது. அப்பா வழக்கம்போல் வீசுவதற்குக் கையை ஓங்கினார். அதற்குள் அது வெளியே வந்து உள்ளங்கையில் ஈரமாக ஒட்டிக்கொண்டது.

"அய்யோ! என்னடி இது, ஊருது!"

"நத்தைப்பா."

"எடு, எடு!"

பூனை எடுக்கவில்லை. அப்பாவும் உதறவில்லை. உதறினால் ஓடு உடைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, கையை அந்தரத்தில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நத்தை அவருடைய கைரேகைகளைக் கடந்து, காய்ப்புக் காய்த்த மேட்டில் ஏறி, மெல்ல மணிக்கட்டை நோக்கிப் போனது. அது போகப் போக அவர் முகமும் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டே வந்தது, கண் தெரிகிறவர் பார்ப்பதுபோல.

"போயிடுச்சா?"

"இல்லைப்பா. மணிக்கட்டுல இருக்கு. கொம்பை நீட்டி நீட்டிப் பாக்குது."

"கொம்பு எத்தனை?"

"பெரிசு ரெண்டு, சின்னது ரெண்டு. பெரிசு நுனியிலதான் கண்ணு."

அப்பா கையை மெல்லத் தாழ்த்தினார். பிறகு, "கையில எடுத்ததைப் பழைய இடத்துலயே கொண்டுபோய் விடு. அதுக்கு வழி தெரியாது" என்றார்.

அன்று மத்தியானம் தட்டைத் தள்ளவில்லை. ஆனாலும் எழுந்து வெளியே வரவும் இல்லை.

*

அந்த வாரம்தான் அத்தை வந்தாள். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. இதே சலவை வீட்டில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவள். கையில் குடையும் தோளில் பையுமாக, வெளுத்த உடையில் அவள் நடந்து வந்தால் போதகரே எழுந்து நிற்பார். ஜெபக்குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு குறையும் சொல்லக் கூடாது, வந்த அன்றே தம்பியின் தலையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தாள், நகம் வெட்டினாள், கொண்டுவந்த ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள். பூனைக்கு அவளைப் பார்த்தால் பயமும் இருக்கும், ஆசையும் இருக்கும்.

ஊட்டி முடித்து, தம்பியின் வாயைத் துடைத்துவிட்டுத்தான் அத்தை பேச்சை எடுத்தாள்.

"தம்பி, ஆண்டவர் காரணமில்லாம ஒருத்தனை அடிக்க மாட்டார். நீ எதையோ உள்ளே வச்சு மூடியிருக்கே."

"என்னத்தக்கா மூடப்போறேன்?"

"யோசிச்சுப் பாரு. உனக்கே மறந்திருக்கும், அவருக்கு மறக்காது."

அம்மா இடையில் புகுந்தாள். "நரம்பு காஞ்சுபோச்சுன்னுதானே அண்ணி டாக்டர் சொன்னாரு?"

"நரம்பைப் படைச்சது யாரு, டாக்டரா?"

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அம்மாவின் வாயையே மூடவைக்க உலகத்தில் அத்தை ஒருத்தியால்தான் முடியும்.

மலையடிவாரத்தில் ஒரு ஜெபவீடு இருக்கிறது என்றாள் அத்தை. அங்கே போய்த் தங்க வேண்டும். அதற்கு முன்னால், இங்கே நாலு பேர் முன்னிலையில் பாவத்தை வாய்விட்டு அறிக்கை செய்ய வேண்டும். அழுக்குப் பாத்திரத்தில் யாராவது எண்ணெய் ஊற்றுவார்களா?

"சொன்னா கண்ணு வருமாக்கா?" என்று கேட்டார் அப்பா. சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது.

"வரும்னு நம்பு. கண்ணு வர்ற வரைக்கும் அங்கேயே இரு."

"வரலைன்னா, அண்ணி?" இது அம்மா.

"வரலைன்னா இன்னும் எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். அதையும் சொல்ற வரைக்கும் இருக்க வேண்டியதுதான்."

கதவோரம் நின்ற பூனைக்கு அந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டுவிட்டது. நரம்பு திரும்பாது. ஆகவே கண் வராது. ஆகவே பாவம் தீராது. ஆகவே அப்பாவும் வீடு திரும்பப் போவதில்லை. அந்த ஜெபவீட்டில் ஏதோ ஒரு பாயில் உட்கார்ந்து, ஆண்டவர் தன்னை வெறுக்கிறார் என்று நம்பிக்கொண்டே கிழவனாகிவிடுவார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தேதி குறித்தாகிவிட்டது. அத்தை தன் குழுவை அழைத்துக்கொண்டு வண்டியோடு வருவாள். அம்மாவிடம் முறையிட்டுப் பார்த்தாள் பூனை, அதாவது அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் என்னடி பண்ண? படுத்தே கிடக்கிற மனுஷனைப் பாத்துக்கிட்டு எத்தனை நாள் இருக்க முடியும்? போறேங்கிறாரே, அதுவாவது ஒரு ஆசைதானே." அம்மா அலசிய துணியைத் தொட்டிக்கல்லில் ஓங்கி அடித்தாள். துணி வாங்கிய அடி வேறு யாருக்கோ.

*

அறிக்கைக்கு முந்தின நாள் சாயங்காலம், கட்டிலருகே வந்த மகளை அப்பாவே கூப்பிட்டார்.

"பூனை, உட்காரு. ஒரு யோசனை சொல்லு. என்ன பாவம்னு தேடிப் பாத்தா உருப்படியா ஒண்ணும் அகப்படலை. சின்னவயசுல பக்கத்து வீட்டுக் கோழியைக் கல்லால அடிச்சேன். பிரசங்கத்துல தூங்கியிருக்கேன். உங்கம்மா சமைச்சதை நல்லா இருக்குன்னு பொய் சொல்லியிருக்கேன். இதுக்கெல்லாமா ரெண்டு கண்ணையும் எடுப்பாங்க? அக்கா ஒத்துக்க மாட்டா."

பூனைக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அதனால மோதிரத்தைச் சொல்லிடறேன்."

"எந்த மோதிரம்?"

"உனக்கு ஞாபகம் இருக்காது. துணி மூட்டையில ஒரு தடவை மோதிரம் வந்துச்சே. அதை நான் வச்சுக்கிட்டேன்னு சொல்லப்போறேன்."

பூனைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விரிப்பின் மடிப்பிலிருந்து தங்க மோதிரம் விழுந்த உடனே அப்பா ஈரக்கையைத் துடைக்கக்கூட நிற்காமல் அவளையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். மனைவியைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய மோதிரத்தை வாங்கியவர் இனி தொலைக்கவே கூடாது என்பதுபோல அதை வாய்க்குள் போட்டு அதக்கிக்கொண்டார்.

"நீங்கதான் திருப்பிக் கொடுத்துட்டீங்களேப்பா."

"கொடுத்தேன்தான். கொடுக்கலைன்னு சொன்னாத்தானே சரியா வரும்? தண்டனை இவ்வளவு பெரிசா இருக்கு. பாவமும் அந்த அளவுக்கு இருந்தாத்தானே அவர் நியாயஸ்தர்? காரணமே இல்லாம எடுத்துட்டாருன்னு நினைக்கிறதைவிட, நான் திருடன்னு நினைச்சுக்கிறது எனக்கு லேசா இருக்கு."

வேண்டாம்ப்பா என்ற ஒரு சொல் தொண்டைவரை வந்து அங்கேயே குந்திக்கொண்டது.

*

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. கயிறு கயிறாக விரிப்புகள் தொங்கின. அத்தையின் ஜெபக்குழு கொட்டகைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தது. நடுவில் நாற்காலி போட்டு அப்பாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் வெளியே வந்தது அன்றைக்குத்தான், அதுவும் இப்படி. காலடியில் அவருடைய துணிப்பை கட்டித் தயாராக இருந்தது.

குழுவில் ஒரு தையல்காரி இருந்தாள். எதற்கெடுத்தாலும் "ஸ்தோத்திரம்!" என்பாள். தண்ணீர் கொடுத்தால் ஸ்தோத்திரம், விக்கல் வந்தால் ஸ்தோத்திரம். அம்மா பூனையின் காதில், "இவ ஊசி குத்தினாலும் ஸ்தோத்திரம்தான் சொல்லுவா போல" என்று முணுமுணுத்தாள். ஆனால் அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

அத்தை கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்தாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். பூனை மூடவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு தம்பி."

"ஒரு தடவை... ஆஸ்பத்திரித் துணியில ஒரு மோதிரம் வந்துச்சு."

"ஸ்தோத்திரம்" என்றாள் தையல்காரி மெதுவாக.

"தங்க மோதிரம். அதை நான்..."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று பூனைக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அந்தக் கணத்தில் வெளியேயும் காற்று மாறியது. இதுவரை தெருப்பக்கமாகச் சாய்ந்திருந்த விரிப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் வயிறு உப்பி வீட்டுப்பக்கம் திரும்பின. தட்டான்கள் தரையோடு தரையாக அலைமோதின. நிமிர்ந்து பார்த்தாள். கம்பங்களுக்கு அந்தப் பக்கம் வானம் கன்றிப்போய், வெள்ளையாக ஒரு திரை நெருங்கிக்கொண்டிருந்தது.

"மழை!"

அப்படி ஒரு குரல் தனக்குள் இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. "அப்பா! மழை! துணி!"

"அல்லேலூயா!" என்று தையல்காரி இரண்டு கையையும் தூக்கினாள். "ஊமைப்பிள்ளை பேசுது! ஆவியானவர் இறங்கிட்டார்!"

"இறங்கினது மழைடி, எழுந்திரு!" அம்மா பாய்ந்து ஓடினாள்.

பிறந்ததிலிருந்து பழகிய வேலை. அப்பாவும் எழுந்துவிட்டார். எழுந்தபின்தான் கண் தெரியாது என்ற நினைப்பு வந்தவர்போல ஒரு கணம் தடுமாறினார். பிறகு கையைத் தூக்கி முதல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கயிறே வழி காட்டியது. துணிக் கவ்விகளைப் பிடுங்கிப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு, விரிப்புகளைத் தோளில் அள்ளிப்போட்டபடி போனார். ஜெபக்குழுவும் உடைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியது. ஒருத்தி கயிற்றில் மாட்டிச் சுற்றிக்கொண்டாள், ஒருத்தி விரிப்போடு விழுந்தாள். தையல்காரி மட்டும் கசங்காமல் அழகாக எடுத்தாள், துணிக்காரியல்லவா. பாதிதான் கொட்டகைக்குள் வந்து சேர்ந்தது. அதற்குள் மழை சடசடவென்று இறங்கிவிட்டது.

எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். அப்பா வரவில்லை.

கடைசிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். முகத்தை அண்ணாந்து கண்களை அகலத் திறந்துவைத்திருந்தார். கண் தெரிகிற ஒருவராலும் மழைக்கு நேரே அப்படித் திறந்துவைத்திருக்க முடியாது.

"ஏங்க, உள்ளே வாங்க! சளி பிடிக்கும்!" என்று அம்மா கத்தினாள்.

"இருடி. கொஞ்சம்."

அம்மா போய் இழுத்துவரக் காலெடுத்தாள். பூனை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பெருமழை தூறலாக மாறியபிறகுதான் அவர் கயிற்றைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "எடுத்ததையாவது மடிக்கலாம், முனையைக் கொடு" என்று கையை நீட்டினார். பூனை ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அவர் கையில் கொடுத்து, மறு முனைகளைத் தான் பிடித்தாள். இருவரும் விலகி நின்று விறைப்பாக இழுத்தார்கள், உதறினார்கள், நெருங்கிவந்து முனையோடு முனை சேர்த்தார்கள். அப்பாவின் விரல் ஒரு இடத்திலும் தப்பவில்லை.

அத்தை நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே முன்னால் வந்தாள். "மோதிரம்னு சொன்னே. பாதியில நிக்குது. சொல்லி முடி, வண்டி காத்திருக்கு."

"மோதிரத்தை அப்பா திருப்பிக் கொடுத்துட்டாங்க." பூனையின் குரல் நடுங்கியது, ஆனால் நின்றுவிடவில்லை. "அன்னிக்கே கொடுத்துட்டாங்க. நானும் கூடப் போனேன்."

"பெரியவங்க பேசறப்ப நீ குறுக்கே பேசாதே."

"நான் எப்ப அத்தை பேசியிருக்கேன்? இன்னிக்குத்தான் பேசறேன்." அவள் விரிப்பைத் தாழ்த்தாமலே பேசினாள். "கண்ணு போனதுக்கு ஒரு பாவம் வேணும்ங்கிறீங்க. இப்ப பாதித் துணி நனைஞ்சுபோச்சு. இது யாரு பாவம்?"

அம்மாதான் வாயைத் திறந்தாள். "என் பாவம்தான். வானத்தைப் பாக்காம ஜெபத்துல கண்ணை மூடினேன்ல."

அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலோ என்று பார்த்தாள் பூனை. சிரிப்பு.

"எதனால போச்சுன்னு எனக்குத் தெரியாது அத்தை" என்றாள் பூனை. "போனது போனதுதான். ஆனா வெயில் வருது, பனி வருது, காத்து துணியை உலர்த்தித் தருது. தினமும் வருது. அப்பா தூக்கித் தூக்கி எறிஞ்சாங்க, அப்பவும் வந்துச்சு. இவ்வளவும் கொடுக்கிறவர் அப்பாவை வெறுக்கிறார்னு நீங்க சொன்னா, நான் நம்ப மாட்டேன். போதகர் சொன்னாலும் நம்ப மாட்டேன்."

"தம்பி, உன் பொண்ணு பேசறதைக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா." அப்பா விரிப்பின் முனையை விடவில்லை. "நான் வரலை. பையை அவிழ்த்துடச் சொல்லு."

"கண்ணு வேண்டாமா உனக்கு?"

"வேணும். இப்பக் கொடுத்தாலும் வாங்கிப்பேன். ஆனா அதுக்காக ஒரு திருட்டை நான் பண்ணினேன்னு சொல்லி அவரை நியாயஸ்தர் ஆக்க வேண்டாம். நான் பொய் சொல்லித்தான் அவர் நல்லவர்னு பேர் வாங்கணுமா? அவரு நல்லவர்தான்க்கா. எனக்கு அவர்மேல கோபம் இருக்கு. அது எனக்கும் அவருக்கும் உள்ளது, நாங்க பேசிக்கிறோம்."

"அவர் அடிச்சது உனக்கு இன்னும் உறைக்கலை."

அப்பா அக்கா நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். கோபமாக இருந்த முகம் மெல்லத் தளர்ந்தது.

"அக்கா, அடிக்கிற கை எப்படி இருக்கும்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். நம்ம அப்பா கை. இதே கொட்டகைதான். ஈரத்துணியை முறுக்கிக்கிட்டு வருவாரு. என்ன தப்புப் பண்ணினோம்னு அழுதுக்கிட்டே நாமளே தேடுவோம், ஞாபகம் இருக்கா? ஒண்ணும் கிடைக்கலைன்னா நீ ஏதாவது ஒண்ணைச் சொல்லுவே. நான்தான் உடைச்சேன், நான்தான் கொட்டினேன்னு. எனக்கு விழ வேண்டியதையெல்லாம் நீதான் வாங்கினே."

தையல்காரிகூட வாயைத் திறக்கவில்லை.

"இப்ப மழை என் கண்ணுமேல விழுந்துச்சு. ரொம்ப நேரம் விழுந்துச்சு. தொட்டுப் பாக்கிறமாதிரி இருந்துச்சு. அது அந்தக் கை இல்லைக்கா. நீயும் பயப்படாதே."

அத்தை தலை துவட்டிய துணியை மடித்து வைத்தாள். பிறகு தன் பையைத் தேடி எடுத்தாள், குடையை எடுத்தாள். குழுவினர் ஒருவர் பின் ஒருவராக வண்டிப்பக்கம் நகர்ந்தார்கள். அம்மா, "அண்ணி, ஒரு வாய் தேநீராவது..." என்றாள். அத்தை காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தூறல் விட்டிருந்தது. எடுக்க முடியாமல் போன விரிப்புகள் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே அவள் குனிந்து குனிந்து நடந்தாள்.

ஒரு விரிப்பு பாதி நழுவி, ஓரம் சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போனவள் நின்றாள். குடையையும் பையையும் ஈரத்தரையிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவந்தாள். சேறு படிந்த ஓரத்தை இரண்டு கையாலும் பிழிந்து, ஒரே உதறாக உதறி, கயிற்றின்மேல் சமமாகப் போட்டு இழுத்துவிட்டாள். கீழே கிடந்த கவ்விகளைப் பொறுக்கி, ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு மற்றதைச் செருகினாள், பிறகு வாயிலிருந்ததையும் எடுத்துச் செருகினாள்.

கையை உடையிலேயே துடைத்துக்கொண்டு, குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு வண்டிப்பக்கம் போனாள்.